திரையும் நான்தான், சர்வரும் நான்தான்

“செவ்வாய், காலை 8.40, சேலம்–நாமக்கல் பேருந்து” என்கிறது என் நிருபர் குறிப்பேடு. முன் இருக்கையில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. அவர் பக்கத்தில், லாரி போகும் இடத்தைக் காட்டும் செயலியை எழுதிய இளம்பெண்.

“ரெண்டு நாளா அவரு லாரி மேப்புல நகரல, போனும் போகல. உசுரக் கையில புடிச்சுட்டுத்தான் உன்னயக் கூப்புட்டேன். எடுத்ததும் ‘என் தப்புதானுங்க’ன்னுட்டியே சாமி!”

“நான் ஃபுல் ஸ்டாக் டெவலப்பருங்கக்கா. திரையும் நான்தான், சர்வரும் நான்தான். கைகாட்ட வேற ஆளில்லீங்க.”

“என்னதான் ஆச்சு?”

“சிக்னல் இல்லாத மலையில அவரு போன் போன எடத்தையெல்லாம் சேத்து வெச்சு, சிக்னல் வந்தப்பறம் அனுப்புனத, சர்வர் பழசுன்னு தள்ளிருச்சுங்க. ரெண்டு பக்கமும் திருத்துனேன்.”

“அவரு வந்த வழி கோடாத் தெரிஞ்சப்பறந்தான் சோறு எறங்குச்சு. நல்லாருப்ப கண்ணு.”

லாரி அன்று மாலை ஊர் திரும்பும் என்றார் ஓட்டுநரின் மனைவி. திரும்பியதா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.