ஆஸியாவின் கழுத்தில் கண்டதை நான் மறைத்தது பற்றி

1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆம் திகதி திங்கட்கிழமை முற்பகல் 10.15 மணிக்கு, நீதவானின் உத்தரவின்படி, சாட்சி சொல்லச் சொல்லத் தமிழில் பதிவு செய்யப்பட்டது. சாட்சி குர்ஆன் மீது சத்தியம் செய்தார்.

பெயர்: அப்துல் வஹாப் ஹமீமா. வயது: 54. விதவை. தொழில்: மிளகு, சாதிக்காய் துப்புரவு செய்தல். முகவரி: பள்ளிவாசல் ஒழுங்கை, பலாபத்வல.

நான் மேற்படி முகவரியில் முப்பத்தொரு வருடங்களாகக் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் மௌத்தானால், மையம் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பிரேதத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவது பத்தொன்பது வருடங்களாக நான்தான். அதை நான் தொழிலாகச் செய்யவில்லை. ஆகையால் தொழில் என்ற இடத்தில் அதை எழுத வேண்டாம் என்று சொன்னேன். மையத்தைக் குளிப்பாட்டுகிறவள் அந்த உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தழும்போ, நோயோ, எதுவானாலும் அது அவளோடு மண்ணுக்குள் போக வேண்டும். நான் ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள். என் வாய்க்குப் பயந்து கடைக்காரர்கள் தராசில் விளையாட மாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் வாயைக் கட்டியே வைத்திருந்தேன். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன்.

இவ்வருடம் பெப்ரவரி 11ஆம் திகதி வியாழக்கிழமை, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பதுர்தீன், நூருன்னிஸா ஆகியோரின் மகள் ஆஸியா, வயது 19, காலையில் துணி துவைக்கப் போனவள் மிளகுத் தோட்டத்துக் கிணற்றில் கிடந்து பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரேதமாக எடுக்கப்பட்டாள். அதன் பின்னர் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து, கிணற்றுக் கட்டில் பாசி இருப்பதைப் பார்த்து, வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போர்த்திய துணியை அவர் முகத்துக்குக் கீழே இறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்க வேண்டாம் என்று வீட்டார் அழுததால் அவரும் இரங்கினார். பின்நேர அஸர் தொழுகைக்கு முன்னர் அடக்க வேண்டும் என்று ஆண்கள் அவசரப்படுத்தினார்கள்.

அதன் பின்னர் பின்கட்டில் திரை கட்டி, நான் ஆஸியாவைக் குளிப்பாட்டினேன். எங்கள் முறைப்படி துணியால் மூடியபடியே, துணிக்கு உள்ளே கைவிட்டுக் கழுவுவோம். தண்ணீர் ஊற்றித் தந்த பெண் கால் பக்கம் நின்றாள். கழுத்தைக் கழுவும்போது என் விரல்களில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. துணியை விலக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக இரண்டு கோடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் போயிருந்தன. இடது காதுக்குக் கீழே மிளகளவு ஒரு கன்றல் இருந்தது. அவள் நகங்களுக்குள் இருந்ததை ஈர்க்கால் எடுத்துக் கழுவிவிட்டேன். கிணற்றுப் பாசி என்று நினைத்தேன். பாசி என்றால் பச்சையாக இருக்க வேண்டும். அது பச்சையாக இருக்கவில்லை.

அந்தப் பிள்ளை தூக்குப் போட்டுக்கொண்டாள் என்றும், வீட்டார் கயிற்றை அறுத்து இறக்கி, ஊர் வாயில் விழாமல் இருக்கக் கிணற்றுக் கதையைச் சொல்கிறார்கள் என்றும் நான் முடிவு செய்தேன். தன் உயிரைத் தானே எடுத்தவள் என்று தெரிந்தால் எங்களில் அந்தக் குடும்பத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். பெற்ற தாய் குளிப்பாட்டுகிற இடத்துக்கு வராமல் வெளியே சுவரில் சாய்ந்து கிடந்ததையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தெரிந்ததால் வர முடியவில்லை என்று நினைத்தேன். அவர் மயங்கிக் கிடந்தார் என்பது பிறகுதான் தெரியும். அதன் பின்னர் கபன் இடும்போது, தலைத்துணியை வழக்கத்தைவிட இறுக்கி, நாடி வரை ஏற்றிச் சுற்றினேன். முகம் பார்க்க வந்தவர்கள் ஒருவருக்கும் கழுத்து தெரியவில்லை. நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அதன் பின்னர் ஜூன் மாதம் 17ஆம் திகதி, மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அழகம்மா, வயது 20, தையல் வகுப்புக்குப் போய்த் திரும்பும் வழியில் கொல்லப்பட்டு ஓடையில் கிடந்தாள். அவளுடைய பிரேதத்தைப் பரிசோதித்தவர் சட்ட வைத்திய அதிகாரி டொக்டர் சந்திரகாந்தா. அவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை வாத்தியாரின் மகள் என்று சொன்னார். ஒரு இடத்தில் கால் தரிக்காத பெண். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே பேசுவார், நின்றாலும் நடந்துகொண்டே இருப்பார். இந்த வருடம் பரிசோதனை இல்லாமல் அடக்கப்பட்ட இளம் பெண்களின் பெயர்களை ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு வீடாக அலைந்திருக்கிறார். அதில் ஆஸியாவின் பெயர் இருந்தது.

ஜூலை மாதம் முதல் கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் முற்றத்தில் மிளகு காயவைத்துக் கொண்டிருந்தேன். அவர் கேட்டதும் நான் கூறியதும் பின்வருமாறு.

"ஆஸியாவ நீங்கதானுங்களே குளிப்பாட்டுனீங்க. என்ன பாத்தீங்கன்னு சொல்ல முடியுங்களா ராத்தா?"

"மையத்தத் தவிர ஒன்டும் பாக்கல்ல. நாங்க பாத்தத செல்லப்படாது டொக்டர். ஒங்களுக்கு அது தெரியா."

அவர் மேலும் எதுவும் கேட்காமல் போய்விட்டார். மறு கிழமை மீண்டும் வந்தார். இந்த முறை நான் மரியாதை இல்லாமல் பேசினேன். செத்தவர்களை அறுக்கிற கைக்கு எங்கள் பிள்ளைகளின் மானம் விளங்காது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மிளகுப் பாயைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "நீங்களாச் சொன்னாத்தாங்க அது சாட்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துத் தீய்ந்து போகும் வரை கவனிக்காமல் இருந்திருக்கிறேன். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்து திரும்பத் தொழுதிருக்கிறேன். ஒழுங்கையில் பிள்ளைகள் தனியாகப் போனால் காரணம் தெரியாமல் ஏசி அனுப்பினேன். இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பின்னர் ஓகஸ்ட் 28ஆம் திகதி சனிக்கிழமை, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பிள்ளை மஸூதா, வயது 17, பாவிக்காத கொக்கோக் கொட்டில் ஒன்றில் பிரேதமாக எடுக்கப்பட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்ததும், அங்கேயே குளிப்பாட்டிக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் குடும்பத்தார் என்னை அழைத்துப் போனார்கள். பிரேத அறைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தரையில் நான் அவளைக் குளிப்பாட்டினேன். டொக்டர் திரைக்கு வெளியே நின்றார். அவருடைய செருப்பு அங்கும் இங்கும் போவது கேட்டது. நான் தலையைப் பிடித்துக் கழுத்தில் கை வைத்தேன். ஒட்டிப் போகும் அதே இரண்டு கோடுகள். இடது காதுக்குக் கீழே மிளகளவு அதே கன்றல்.

இந்த இடத்தில் "மிகுந்த மனவேதனை அடைந்தேன்" என்று எழுதப்பட்டிருந்ததை வெட்டச் சொன்னேன். என் கை அந்தப் பிள்ளையின் கழுத்தை விட்டு வரவில்லை. அதைத்தான் எழுத வேண்டும்.

குளிப்பாட்டல் முழுவதையும் முடித்து, கபன் சுற்றிய பின்னரே வெளியே வந்தேன். "ஆஸியாக்கும் இப்படியேதான் இருந்திச்சி டொக்டர். ரெண்டு கோடு. காதுக்குக் கீழ ஒன்டு" என்றேன். அன்றுதான் அவர் உட்கார்ந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வடிகான் ஓரக் கட்டில் உட்கார்ந்தார். அந்தக் கோடு காதுக்குப் பின்னால் மேலே ஏறியதா, இல்லையென்றால் எப்படிப் போனது என்று கேட்டார். வளையல் மாதிரி நேராகச் சுற்றிப் போனது என்றேன். தொங்கினால் உடம்புப் பாரத்தில் தடம் மேலே ஏறும் என்றும், நேராகச் சுற்றினால் பின்னால் நின்று யாரோ இறுக்கியது என்றும், அழகம்மாவின் கழுத்திலும் இதே தடம்தான் இருந்தது என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் ஆஸியா தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு விளங்கியது.

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. பின்வருமாறு பேசிக்கொண்டோம்.

"இத ஏன் ஜூலையில செல்லல்ல நீங்க? கொலயெண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா நான் அண்டைக்கே செல்லியிருப்பேனே!"

"தடம் இப்படி இருந்துச்சான்னு நான் கேட்டிருந்தா, நான் சொல்லிக் குடுத்துத்தான் நீங்க சொன்னீங்கன்னு கோர்ட்டுல கிழிச்சிருவாங்க. அதனாலதாங்க வாய மூடிக்கிட்டேன். தப்புத்தாங்க, ராத்தா. மூணாவது புள்ள போகும்னு நான் நெனக்கலங்க."

அவர் பேசாமல் இருக்க அவருக்கு ஒரு சட்டம் இருந்தது, எனக்கு ஒரு சட்டம் இருந்தது. நாங்கள் இருவரும் ஒழுங்காக நடந்துகொண்டோம். மஸூதாவைக் கபன் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

அதன் பின்னர் செப்டெம்பர் 1ஆம் திகதி நானாகவே பொலிஸுக்குப் போனேன். ஆளைப் பிடித்தாகிவிட்டது, நீங்கள் போகலாம் என்று அங்கே சொன்னார்கள். பிடிபட்டவர் முத்துவீரன், வயது 23, லொறியில் மூட்டை ஏற்றுபவர். அழகம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்தனவாம். மஸூதா எடுக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்துக் கடையில் அன்று வேலை செய்தாராம். போதாததற்கு அடையாள அட்டையும் இல்லாத தோட்டத்துப் பையன். வெளியே வாசலில் அவருடைய தாயார் பாப்பம்மா, உள்ளே வாங்க மறுத்த சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் மகன் பெப்ரவரியில் எங்கே இருந்தார் என்று கேட்டேன்.

"பெப்ரவரி மாசமுங்களா? லொறியிலேருந்து விழுந்து காலு ஒடஞ்சி கண்டி ஆசுபத்திரியில கெடந்தானுங்களே. மாசம் பொறந்ததுலேருந்து மூணு வாரம். நாந்தாங்க பீ மூத்திரம் அள்ளுனேன். அத ஏங்க கேக்குறீங்க?"

ஆஸியாவைக் கொன்ற கைதான் மற்ற இரண்டு பிள்ளைகளையும் கொன்றது என்று காட்டினால் இந்தப் பையன் வீட்டுக்குப் போகலாம், காட்டாவிட்டால் போக மாட்டான் என்பது எனக்கு விளங்கியது. ஆஸியாவின் கழுத்தைக் கண்டவள் நான் ஒருத்தி மட்டுமே. மற்றதெல்லாம் மண்ணுக்குள் இருந்தது.

ஆஸியாவை அடக்கிய கப்றைத் தோண்ட டொக்டர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தபோது ஆஸியாவின் தகப்பனார் பதுர்தீன் ஆட்சேபித்தார். ஊரிலும் கொந்தளித்தார்கள். ஆகவே செப்டெம்பர் 9ஆம் திகதி நான் நூருன்னிஸாவிடம் போய், கண்டதையும், நினைத்ததையும், மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"நாங்க வழுக்கி விழுந்தாண்டு அழுதுக்கிட்டு ஈக்கிறோம். நீங்க எம்புள்ளய ஏழு மாசமா அப்படியா நெனச்சீங்க, ராத்தா? தொழுகாளி புள்ளய?"

அதன் பின்னர் அவர் எழுந்து உள்ளே போய்க் கணவரிடம், தோண்டச் சொல்லுங்கள் என்றார். அதன் பின்னர் பதுர்தீன் ஆட்சேபனையை வாபஸ் வாங்கினார்.

செப்டெம்பர் 14ஆம் திகதி காலை கப்று தோண்டப்பட்டது. கபன் துணியை அடையாளம் காட்ட நான் அழைக்கப்பட்டேன். நாடி வரை ஏற்றிச் சுற்றிய தலைத்துணியைக் காட்டி, இது நான் கட்டியது என்று சொன்னேன். டொக்டர் ஒரு வெள்ளைத் துணியை மேலே விரித்து, அதற்குள் கைவிட்டுத்தான் வேலை செய்தார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கழுத்துக்குள் இருக்கும் சிறிய எலும்பு முறிந்திருப்பதை நீதவானுக்குக் காட்டினார். தண்ணீரில் மூழ்கினால் அது முறியாது என்றார். அதன் பின்னர் ஆஸியாவை நான் மீண்டும் சுற்றிக் கொடுத்தேன்.

கொன்றவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து ஒரு பெயரும் சொல்ல மாட்டேன். ஊகித்ததால் வந்த வினை போதும். அவன் இன்னும் எங்கள் பக்கத்து ரோட்டிலேதான் போய்வருகிறான் என்று டொக்டர் நினைக்கிறார், நானும் நினைக்கிறேன். முத்துவீரனை விடுவிக்க இந்த வாக்குமூலம் உதவுமானால் எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.

வேறு ஏதும் கூற விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒன்று கூற விரும்புகிறேன். மஸூதாவை அடக்கிய அன்று அவளுடைய தாயார் என் கையைப் பிடித்து, தன் பிள்ளையை நான் கண்ணியமாகக் குளிப்பாட்டினேன் என்று எனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்தார். அந்தக் கையைத்தான் பிடித்தார். எனக்கு ஜூலையிலேயே வாய் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. சொல்வதற்காக இரண்டு தடவை அந்த வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே இந்த வாக்குமூலத்தை, ஜூலை மாதம் நடந்ததை ஒரு சொல்லும் விடாமல், அவருக்கு வாசித்துக் காட்ட நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கும்போது நானும் அங்கே இருப்பேன்.

இதில் எழுதியிருப்பவை நான் சொன்னவையே. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். வெட்டச் சொன்ன ஒரு வரி வெட்டப்பட்டுள்ளது. சேர்க்கவோ குறைக்கவோ வேறொன்றும் இல்லை. யாவும் உண்மை.

(ஒப்பம்) அ. வ. ஹமீமா