பெயருக்குப் பக்கத்தில்

"பாப்பா, போட்ல உன் பேருக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டுவச்சிருக்கேன்."

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரிமேடு போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த மீனவர் ஒருவர் தன் மகளிடம் இப்படிச் சொன்னார். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. படகுகளுக்கு வர்ணம் அடிக்கும் நாட்கள். அவருடைய நகக்கண்ணில்கூட நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"எதுக்குப்பா இடம்?"

"பி.எஸ்சி.ன்னு எழுதியாச்சு. பின்னாடி ஆனர்ஸ்னு சேக்க வேணாமா?"

"நான் இன்னும் முடிவே பண்ணலப்பா. மூணு வருஷத்தோட டிகிரி வாங்கிட்டா இப்பவே வேலைக்குப் போயிடலாம். ஆனர்ஸ்னா இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். அதுவரைக்கும் நீங்க ஒத்த ஆளா கடலுக்குப் போய்க் கஷ்டப்படணுமா?"

"என் கடல நான் பாத்துக்கறேன். உனக்குப் படிக்க ஆசையா இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆசையாத்தான் இருக்கு."

"அப்ப சேந்துடு."

"அது சரி, போட்ல ஏதுப்பா இடம்? என் பேருக்குப் பக்கத்துல உங்க பேருல்ல இருக்கு?"

"இருந்துச்சு. காலையிலதான் சொரண்டி எடுத்தேன்."