ஹுன்னஸ்கிரிய மலை தெரிந்த கல்

முட்டை வடிவத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, ஐயா. மோதிரத்துக்குப் பொருந்தும், தோட்டுக்குப் பொருந்தும், பார்க்கிறவர்களுக்குத் தலைவலி வராது. உலகத்திலுள்ள கல்லையெல்லாம் முட்டையாகவே வெட்ட வேண்டும் என்று ஒருவர் பன்னிரண்டு வருடமாக அடம்பிடித்தால்தான் எரிச்சல் வரும்.

அந்த ஒருவர் என் அக்கா மேபலின் கணவர் கிளைவ். பல்லேகலயில் அவர் வீட்டுப் பின்பக்கம்தான் எங்கள் பட்டறை. கல்லைப் பலகையாக அறுத்து, வடிவம் குறித்து வெட்டி, மேற்புறத்தைக் குமிழாகத் தேய்த்து மெருகேற்றுவோம். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒரு கல்லை நாள்கணக்கில் பார்ப்பேன். மச்சான் முட்டை வடிவத் துளை போட்ட பிளாஸ்டிக் அச்சை வைத்து, அலுமினியக் கம்பியால் கோடு இழுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அறுத்த கல் காய்ந்தால் மங்கிவிடும். ஈரம் பட்டால்தான் மெருகேற்றிய பின் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். நான் தண்ணீரில் தோய்ப்பேன். அவர் நக்குவார். காலடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் நக்குவார். அந்த வாளியை வைத்தது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெப்ரவரியில், உள்ளே பாசி படர்ந்தாற்போல் ஓர் அகேட் பலகை வந்தது. நனைத்தேன். எங்கள் பக்கத்து ஹுன்னஸ்கிரிய மலை அப்படியே கல்லுக்குள் தெரிந்தது, அடியில் தேயிலைச் சரிவு, உச்சியில் பனிமூட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் செத்த வீட்டில்கூட அப்படிக் கலங்கவில்லை. மலையின் விளிம்போடு போய் ஒரே கல்லாக வெட்டலாம் என்று கெஞ்சினேன்.

"மலையாவது மண்ணாங்கட்டியாவது. அது மேல்தோல்லதான் இருக்கு, தேச்சா போயிரும். திங்கக்கெழம நாலு முட்ட வெட்டிருவோம் மச்சான்" என்றார்.

ஞாயிறு அக்காவும் மச்சானும் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனார்கள். அக்கா எலிக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் கரைத்து அந்தப் பலகையில் பூசிக் காயவைத்தேன். அதில் கல் இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டது. அதனால் திங்கள் காலை மூன்று தரம் நக்கினார். ஒரு கல்லை அவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்து நான் கண்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் செத்தார். மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்ந்தால் விஷம் என்பார்கள்; அக்காவின் சமையலில் அப்படிச் சேர்ந்துவிட்டது என்று ஊரே அவளைப் பார்த்தது. அவளும் நம்பி, தன் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் சவப்பெட்டியின் முன்பக்கம் தூக்கினேன்.

பிறகு, எலி மருந்துதான் என்று பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. மருந்து வாங்கியவள் என்று அக்காவைப் பொலிசுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். அவளுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவ்வளவு யோசித்துச் செய்த வேலைக்கு அவள் பேரைப் போடுவது நியாயமில்லை.

பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மலையை நான் நினைத்தபடியே வெட்டினேன். குமிழாகத் தேய்க்கத் தேய்க்க முதலில் பனிமூட்டம் போனது, பிறகு உச்சி, பிறகு தேயிலை. கடைசியில் வெறும் பச்சைக் கறைதான் கையில் இருந்தது. மிச்சத்தில் இரண்டு முட்டை தேறியது.

சட்டைப் பையில் இருக்கின்றன, பாருங்கள். எவ்வளவு நிதானமாக இடம் பார்த்து வெட்டியிருக்கிறேன். மச்சான் உயிரோடு இருந்திருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார்.