உருவாஞ்சுருக்கு

அங்க உக்காராதீங்க, கேமராக்காரர் முதுகுதான் தெரியும். இப்படி என் பக்கத்துல வாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, பத்தொம்பது வருஷம் இதே ஸ்டூடியோவுல, இதே தோட்ட நிகழ்ச்சியிலதானேங்க இருந்தேன். இல்லல்ல, டிவியில என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. என் கையை வேணா பாத்திருப்பீங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். மொதல்ல ரிட்டையர் ஆன வேளாண் ஆபீசர் ஒருத்தர் நடத்திக்கிட்டிருந்தாரு. விதை போட்டா, அது மொளைச்சுக் காய்க்கிற வரைக்கும் வாராவாரம் காட்டுவாரு. ஒரு தடவை பாகக்காக் கொடி செத்துப்போச்சு. தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டேன், தப்பு என்னோடதுன்னு டிவியிலயே சொன்னாரு மனுஷன். அதுக்கு எத்தனை கடுதாசி வந்துச்சுங்கறீங்க! மூட்டையா கட்டி வச்சிருந்தோம்.

அப்புறம் நிகழ்ச்சி தூங்கி வழியுதுன்னு சொல்லி அவரை அனுப்பிட்டு இந்த அம்மாவைக் கொண்டாந்தாங்க. ஆமா, நீங்க பாக்க வந்திருக்கீங்களே, அதே தோட்டத்தக்காதான். சீரியல்ல அழுதுக்கிட்டிருந்தவங்க. களைக்கொத்தை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியாது. மண்ணுன்னா அருவருப்பு வேற. அதனால மொகம் அவங்களோடது, மண்ணுல வேலை செய்யற கை என்னோடது. அவங்க வளையலைக் கழட்டி எனக்கு மாட்டி, கைய மட்டும் கிட்டத்துல வச்சு எடுப்பாங்க.

நிகழ்ச்சி பேரையே ‘அரை மணியில தோட்டம்’னு ஆக்கிட்டாங்க. அரை மணியில என்னங்க காய்க்கும்? கிளையை வெட்டியாந்து ஸ்பாஞ்சுல குத்தி, மேல மண்ணைத் தூவிடுவோம். கடையில வாங்கின தக்காளியை நான் பச்சை நூலால கட்டிவிடுவேன். உருவாஞ்சுருக்குத்தான். லேசா இழுத்தாலே அவுந்து, பழம் கையோட வந்துடும். இப்ப அதுவும் பழசாயிடுச்சு. பாட்டைப் போட்டு அரை நிமிஷத்துல ஒரு தோட்டம், ஜனங்க போன்ல தள்ளித் தள்ளிப் பாக்கறாங்க.

கையா? அப்போலேர்ந்து இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களா? பரவால்ல, நல்லாப் பாருங்க. இலை பளபளன்னு தெரியணும்னு ஒரு மருந்து அடிக்கச் சொன்னாங்க. கையுறை கேட்டேன். மாட்டினா கையில தடம் விழும், அடுத்த ஷாட்டுக்கு ஆகாதுன்னுட்டாங்க தோட்டத்தக்கா. தோலெல்லாம் உரிஞ்சு வெந்துபோச்சு. ஆபீஸ்ல எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கக்கான்னு போய் நின்னேன். எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாங்க தெரியுமா? இந்தக் கையைக் காட்டினா பாக்கறவங்களுக்குச் சாப்பாடு எறங்காதாம். சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. மறுநாளே வேற பொண்ணு கை வந்துடுச்சு.

அது கூடப் போகட்டும். அப்புறம் ஒரு பேட்டியில அந்தம்மா, மருந்தையே தொடாத கைங்க இதுன்னு ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினாங்க பாருங்க, அன்னிக்கு எரிய ஆரம்பிச்ச வயிறு இன்னும் அணையல. விட்டுத் தள்ளுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அவருக்கென்ன, அவர் கையா வெந்துச்சு?

இன்னிக்கு எப்படி வந்தேனா? விசேஷ நிகழ்ச்சி, நேரலை வேற. செடி கட்டற பொண்ணுக்குக் காய்ச்சலாம். பழைய ஆளாச்சே, இன்னிக்கு மட்டும் கட்டிக் குடும்மான்னு காலையில போன் வந்துச்சு. வந்தேன், கட்டினேன். முடிச்சதும், கூட்டம் கொறையுது, நீயும் உக்காந்து கைதட்டுன்னுட்டாங்க.

உஷ், லைட்டு போட்டாச்சு. அந்தா, செடிகிட்டப் போறாங்க. நேரலைல கையை மாத்த முடியாதுல்ல, அதனால இன்னிக்கு அவங்க கையேதான். அந்தப் பெரிய பழத்தைத்தான் பறிப்பாங்க, பாருங்க. இழுக்கட்டும், நல்லா இழுக்கட்டும். சுருக்குப் போடலைங்க நான், கம்பியில முறுக்கிட்டேன். வந்தா ஸ்பாஞ்சோடதான் வரும்.

எனக்குக் கைதட்டினா தோல் வெடிச்சுடும். பரவால்ல, இன்னிக்குத் தட்டுறேன்.