மாவு பொங்கிய காலை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரப் பெண் சொன்னது காதில் விழுந்ததும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"நேத்து மாவுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டேன்க்கா."

"மாவுக்குங்களா?"

"இட்லி மாவுக்குத்தான். தூத்துக்குடியில இருந்து குடிவந்த பொறவு ஒருநாளும் பொங்கல. இட்லி கல்லு மாதிரி இருக்கும். பிள்ள தட்டத் தள்ளிட்டு, 'ஊருக்குப் போவோம்'னு அழுவா. இவுகளும், 'நீ பிள்ளயக் கூட்டிட்டுப் போயிரு, நான் தனியா இருந்துக்கிடுதேன்'னுட்டாக."

"அப்பறமுங்க?"

"சட்டிய இவுக ஸ்வெட்டர்ல சுத்தி, கம்பளியப் போத்தி, அடுப்படியில வச்சேன். காலையில பாத்தா மூடியத் தள்ளிட்டு வழிஞ்சு கெடக்கு! பிள்ள கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டா. நாங்க எங்கயும் போகலன்னு இவுககிட்ட சொல்லிட்டேன்."

மற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். "நானு இங்கயே பொறந்தவளுங்க. மழைக்காலத்துல எங்கூட்ல கடை மாவுதான். எனக்கும் சொல்லிக் குடுங்க."

"வீட்டுக்கு வாங்கக்கா, செஞ்சே காட்டுதேன்."

நடத்துநர் "அரவேணு" என்று குரல் கொடுத்தார். தூத்துக்குடிப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க ஊரு வந்துட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.