இடம் மாறியவர்கள் பட்டியல்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, நூலகக் குழுவின் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டுவேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நேற்று என் மகள் உறங்கியபின், வெகுநேரம் கழித்து எழுதிய உரை இது. தாளைப் பார்த்துப் படிப்பதற்குப் பொறுத்தருளுங்கள்.

நூலக மென்பொருளை விரிவாக்கியதற்காக என்னைப் பாராட்ட அழைத்தீர்கள். வராமல் போன வாசகர்களுக்கு மாதந்தோறும் ஒன்றாம் தேதி அழைப்பு அனுப்பும் வசதியை நான்தான் சேர்த்தேன். இருநூறு பேர் திரும்பி வந்தார்கள். கைதட்டாதீர்கள் ஐயா, மீதியையும் கேளுங்கள்.

உறுப்பினர் விலகினால் 'நீக்கப்பட்டவர்' என்று குறிக்கலாம். அல்லது 'இடம் மாறியவர்' என்று குறிக்கலாம். வேறு வழி மென்பொருளில் இல்லை. இறந்தவரை எதில் சேர்ப்பது? 'நீக்கப்பட்டவர்' என்று அழுத்த நம் ஊழியர்களுக்கு மனம் வரவில்லை. 'இடம் மாறியவர்' என்றே பதிந்துவந்தார்கள். அந்தப் பட்டியலில் யார் யார் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை! ஊர் திரும்பியிருப்பார்கள் என்று எண்ணி, அத்தனை பேருக்கும் அழைப்பை அனுப்பினேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா வந்தார். தையல்காரர், கழுத்திலிருந்த அளவுநாடாவைக்கூடக் கழற்றவில்லை. கைபேசியை நீட்டினார். "செல்லமே, உன்னைக் காணோமே! சீக்கிரம் வா." அவருடைய ஏழு வயது மகனுக்குப் போன அழைப்பு. மகன் இறந்து எட்டு மாதம்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான்க்கா. தப்பு நடந்துபோச்சு. இப்பவே பேரை எடுத்துடறேன்."

"ஐயோ, எடுத்துடாதம்மா! மத்த எல்லா இடத்துலயும் எடுத்துட்டாங்க. அவன் படிச்சதெல்லாம் வரிசையா இருக்குமாமே, காட்டேன்."

காட்டினேன். நாற்பத்தொரு வரிகள், அவற்றில் ஒன்பது ஒரே திமிங்கிலப் புத்தகம். "கழுத, வேற புத்தகமே கிடைக்கலையா இவனுக்கு!" என்று சிரித்தார். சிரித்த வாய் மூடுமுன் மேசையில் சாய்ந்து அழுதார். போகும்போது சொன்னார்: "பேரு இருக்கட்டும் கண்ணு. கூப்பிடாம மட்டும் இருங்க."

இதை எழுதும்போதே இருமுறை எழுந்துபோய், என் மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

மாறும் தேவைக்கேற்ப மென்பொருள் மாற வேண்டும் என்கிறோமே, மறைந்தவருக்கு அதில் ஓர் இடம் வேண்டாமா? பெயர் இருக்க வேண்டும், படித்தவை இருக்க வேண்டும், அழைப்பு மட்டும் ஓய வேண்டும். ஆயிரமாயிரம் நூல்களுக்கு இடம் கொடுத்த நாம், ஒரு தாயின் துயருக்கு ஒரு வரி கொடுக்கவில்லையே!

இன்னும் பதினொரு பெயர்களை ஊழியர்கள் நினைவிலிருந்து சொல்கிறார்கள். நினைவில் நிற்காதவர்கள் எத்தனை பேரோ! 'மறைந்தவர்' என்ற புதிய வரியை மென்பொருளில் சேர்க்கும்வரை அழைப்பை நிறுத்த வேண்டும். அதற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இருமுறை எழுதிக் கொடுத்தேன். "நல்லா ஓடுறதை ஏம்மா நிறுத்தணும்?" என்றார்கள். ஏன் என்று சொல்லவே மேடையேறினேன்.

பரிசு வேண்டாம். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான். குழுவினர் அதற்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.