நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி

எங்கள் விடுதியில் இறுதியாண்டு மாணவிகளுக்கு இருக்கும் ஒரே சலுகை, ஜன்னல் வைத்த அறை. மூன்று வருடம் மாடிப்படிக்கு அடியில் குடித்தனம் நடத்திய எனக்கும் என் அறைத்தோழிக்கும் அது பெரிய விஷயம். ஜன்னலோரக் கட்டிலை அவள் எடுத்துக்கொண்டாள். துணிக்கொடி என் பக்கம் வந்தது.

நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன், மேடம். துறைத் தலைவர் என்ற முறையில் விசாரிப்பது உங்கள் கடமை. யாரும் என்னை மிரட்டவில்லை.

அவளை வகுப்பில் வானொலி என்பார்கள். வாயைத் திறந்தால் நிலையம் மூடாது. காவலாளி முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். என்னை ஒட்டுப்புல் என்பார்கள். அவள் போகும் இடமெல்லாம் போகிறேனாம். ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் நான் முதலில் போய் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்தேன் என்பது யார் கண்ணிலும் படவில்லை. அவளுடைய அம்மா மூன்றாம் ஆண்டு முடிவில் விடுதிக்கு வந்தபோது, "நீயும் இவ கிளாஸ்தானாம்மா?" என்று கேட்டார். அது ஐந்தாவது முறை. நல்ல பெண்மணிதான். முகம் நினைவில் நிற்காதது என் முகத்தின் குறையாகவும் இருக்கலாம்.

எங்கள் புராஜெக்ட் உங்களுக்குத் தெரியும். நோயாளிகளின் கைநடுக்கத்தை அளக்கும் கருவி. யோசனை அவளுடையது. அதை நான் மறுக்கவில்லை. யோசனை சொல்ல அரை மணி நேரம் ஆனது. அதை ஓடவைக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. மூன்று சர்க்யூட் போர்டு கருகியது. அச்சுக்கூடத்தில் ஒரே அறிக்கையை நான்கு முறை எடுத்தேன், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பக்கம் தலைகீழாக வந்தது. வழிகாட்டி ஆசிரியரைப் பிடிக்க அவர் அறை வாசலில் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு பாடமே படித்து முடித்திருக்கலாம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மூன்று முறை தள்ளிப்போனது. முதலில் அவளுக்குக் காய்ச்சல். பிறகு அவள் அண்ணன் கல்யாணம். பிறகு பேச்சுப்போட்டிக்காக வேறு ஊர் போனாள். இரண்டு பேர் பெயர் இருந்தால் இரண்டு பேரும் வர வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. அதனால் அவளுக்குக் காய்ச்சல் அடித்தால் எனக்கும் அடித்தது, அவள் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கும் விடுப்பு எழுதப்பட்டது. மூன்றாவது முறை உங்கள் அறைக்கு வந்து, நான் மட்டும் செய்துகாட்டட்டுமா என்று கேட்டேன். நீங்கள் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "அவ இல்லாம யார்ம்மா பேசுவா?" என்றீர்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் மட்டும் வைத்திருக்கிறேன்.

நான்காவதாகக் குறித்த தேதி ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. அதையும் விட்டால் அடுத்த வருடம்தான் என்று நோட்டீஸ் ஒட்டினீர்கள். புதன்கிழமை காலை, பட்டறைக்குள் போகும் முன் அவள் தன் போனை என் கையில் திணித்தாள்.

"இத நீயே வச்சுக்கடி. நாளைக்கு வைவா முடியுற வரைக்கும் நான் கெஞ்சினாக்கூட குடுக்காத."

இதற்குச் சாட்சி இருக்கிறது. பட்டறை உதவியாளர் பக்கத்தில் நின்று சிரித்தார். ஆக, போன் என்னிடம் இருந்தது அவள் விருப்பப்படி. அதைக் கொடுக்காததும் அவள் விருப்பப்படிதான்.

பதினொன்று இருபதுக்கு அவள் போன் அடித்தது. நான் ஆய்வக வராந்தாவில் இருந்தேன். அவள் அண்ணன். அம்மாவுக்கு மூச்சுவிட முடியவில்லை, மருத்துவர் கையை விரித்துவிட்டார், உடனே கிளம்ப வேண்டும் என்பது தெரிந்தது. ஊர் ஆறு மணி நேரப் பயணம். பகல் பன்னிரண்டு மணி பேருந்தைப் பிடித்தால் மாலைக்குள் அம்மாவைப் பார்த்திருப்பாள். ஆனால் மறுநாள் பத்து மணிக்கு இங்கே இருந்திருக்க மாட்டாள்.

பேசி முடித்து போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். பட்டறைக்குள் போனேன். அவள் கருவியின் மூடிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். "எதாச்சும் போன் வந்துச்சா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீ வேலையப் பாரு."

அன்று முழுக்க நாங்கள் நன்றாக வேலை செய்தோம். நான்கு வருடத்தில் அவள் ஒரு முழு நாள் என்னோடு உட்கார்ந்தது அன்றுதான். மூன்று மணிக்குக் கருவி முதல்முறையாகப் பிசகாமல் ஓடியது. என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். கல்லூரி நாட்களில் மறக்க முடியாத தருணம் எது என்று ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். நான் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

வைவா நன்றாக நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்பது நிமிடம் அவளிடமே பேசினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ரிப்போர்ட்ட நீங்க டைப் பண்ணீங்களா? நல்லா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். முதல் மதிப்பெண் இருவருக்கும் சமமாகத்தான் விழுந்தது. அந்த வகையில் விதி நியாயமானது.

பதினொன்றரைக்கு வகுப்புப் புகைப்படம். போனை அதற்குப் பிறகு கொடுத்தேன். படத்தில் எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் அழுத முகத்தோடு இருந்தால் காலத்துக்கும் அது அப்படியே நிற்கும். அவளுடைய அம்மா அன்று காலை ஒன்பது மணிக்கே போய்விட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்பது மணிக்கு மேல் என்ன அவசரம். முந்தைய நாள் அழைப்பைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அன்றே ஊருக்கு ஓடியவள் மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் வாசற்படி ஏறவிடவில்லையாம். "அம்மா கேட்டப்ப வராதவ, இப்ப யாரப் பாக்க வந்த?" என்றாராம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். போனைக் கையில் வைத்திருக்காததற்கா இவ்வளவு கோபம் என்று அவளுக்குப் புரியவில்லை. "எந்தப் புத்தி கெட்ட நேரத்துல போன உங்கிட்ட குடுத்தேனோ" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நான் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்தேன். அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் தன்னைச் சொல்லிக்கொண்டதை மறுக்கவும் இல்லை. இரண்டு மாதமாக அவளுக்குச் சோறு போட்டு, குளிக்க அனுப்பி, தூங்கவைத்தது நான்தான். இப்போது நான் போகும் இடமெல்லாம் அவள் வருகிறாள். வகுப்பில் இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சென்ற வாரம் அவள் அண்ணன் தன் போனோடு உங்களிடம் வந்தார். புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி தங்கையோடு பேசியிருக்கிறேன் என்றார். அந்த நேரத்தில் அவள் துளைபோடும் இயந்திரத்தில் இருந்தாள் என்று பட்டறை உதவியாளர் சொல்லிவிட்டார். பிறகு என்னை அழைத்தீர்கள்.

நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தால் பேச்சும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் அவளே விளையாட்டாக என்னைத் தன் குரலில் அத்தையோடு போனில் பேசவைத்தாள். அத்தைக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. எனவே புதிதாக நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அவள் அண்ணன் "பாப்பா" என்றுதான் தொடங்கினார். நான் அவள் இல்லை என்று சொல்ல அவர் இடம் தரவில்லை. "வைவா இருக்குண்ணா, வர முடியாது" என்றேன். அவர் திட்டினார், பிறகு அழுதார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, போனை அம்மாவின் வாயருகே வைத்தார். மூச்சுதான் முதலில் கேட்டது.

"எப்ப கண்ணு வர?"

"வரலம்மா. சும்மா சும்மா கூப்பிடாத. எனக்கு வேல இருக்கு."

"சரி கண்ணு," என்றார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றேன். பொய் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள், மேடம். ஆனால் அன்று காலை நான் உண்மையிலேயே சாப்பிட்டிருந்தேன்.